போட்டோவில் வெள்ளையாகத் தெரிந்த கண்

குழந்தை தியாவுக்கு அப்போது ஐந்து மாதம். சேலையூரில் அவள் வீட்டுக்குத் தினமும் குளிப்பாட்டப் போவேன். ஒரு நாள் அவள் அம்மா ரேவதி செல்போனை நீட்டினாள்.

"ஆயாம்மா, போட்டோல ஒரு கண்ணு மட்டும் வெள்ளையா வருது பாருங்க."

"பிளாஷ் அடிச்சா அப்டித்தான் வரும். முப்பது வருசமா எத்தினி கொழந்தைய பாத்துகினு கீறேன்? தாய்ப்பால் ரெண்டு சொட்டு வுடு, சரியாப் பூடும்."

அவள் நம்பினாள். தாம்பரம் பக்கம் என் காலில் படுத்துக் குளிக்காத குழந்தை குறைவு. ஆனால் தண்ணீர் ஊற்றும்போது குழந்தை கண்ணை மூடிக்கொள்ளும். நான் பார்த்ததெல்லாம் உடம்பைத்தான்.

மூன்று வாரம் போனது. அந்தக் கண் ஓரமாகத் திரும்ப ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன்.

கண்மணியை (கருவிழியின் நடுத்துளை) விரிய வைக்க மருந்து விட்டார்கள். டாக்டரம்மா வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

"வெள்ளையா தெரிய பல காரணம் இருக்கும்மா. கண்புரையா இருக்கலாம், விழித்திரை விலகியிருக்கலாம், கட்டியாவும் இருக்கலாம். கட்டி இல்லன்னு உறுதியாகுற வரைக்கும் கட்டின்னு நினைச்சுதான் பாப்போம்."

கண்ணுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு மயக்கம் கொடுத்து இரண்டு கண்ணையும் பார்த்தார்கள். தலைக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். விழித்திரையில் (கண்ணின் உள்சவ்வு) புற்றுக்கட்டி. வெளியே பரவவில்லை. உயிர் நிற்க, கண்ணை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

"மூணு வாரம் முன்ன வந்திருந்தா கண்ணு தங்கியிருக்குமா?" என்று கேட்டேன்.

"அத சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டரம்மா.

ஆமாம் என்றிருந்தால் அழுதிருப்பேன். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன்.

போட்டோவில் உங்கள் பிள்ளைக்கு ஒரு கண் வெள்ளையாகத் தெரிந்தால் என்னைப் போன்றவர்களிடம் கேட்காதீர்கள். கண்ணில் பால் விடாதீர்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.

வீடு திரும்பியதும் ரேவதி என்னிடம் "எப்பலேருந்து வரீங்க?" என்று மட்டும் கேட்டாள். மறுபடி போகிறேன். மற்ற கண்ணிலும் கட்டி வருகிறதா என்று மயக்கம் கொடுத்து அடிக்கடி பார்க்கிறார்கள். தியாவின் வயது கேட்டால் எனக்கு மாதம் வாயில் வருவதில்லை, எத்தனை பரிசோதனை முடிந்தது என்பதுதான் வருகிறது.

கை மரத்ததுபோல் இருக்கிறது. தண்ணீரின் சூடு எனக்குத் தாமதமாகத்தான் உறைக்கிறது. அதனால் ஊற்றும் முன் கூப்பிடுகிறேன்.

"ரேவதி, நீ ஒரு தபா கைய வெச்சுப் பாரும்மா."