பீர் முகம்மது பொருத்தம் பார்க்கிறார்

மண் தரையில் இரண்டு ஜீப் அச்சுகள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. நடுவில் குந்தியிருக்கும் பீர் முகம்மது இடக்கையால் ஒன்றையும் வலக்கையால் மற்றொன்றையும் ஒரே சமயத்தில் திருகுகிறார். இரண்டின் சக்கரத் தட்டிலும் சாக்பீஸ் கோடு. கோடுகள் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகத் திரும்பி வந்துவிட்டால், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "கட்டி வெச்சரலாமுங்க" என்பார். வராவிட்டால், "ஆகாதுங்க, ரஜ்ஜு இடிக்குது." கவுண்டர்களின் கல்யாணப் பேச்சில் காது கொடுத்துக் கற்றுக்கொண்ட சொற்கள்.

உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளுக்குப் பின்னால் இருக்கிறது பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. ஏன் என்று கேட்டால், "போர்டு பார்க்கறவன் தலை நிமிந்து வருவானுங்க. வண்டி ஒடஞ்சவன் தலையைத் தொங்கப் போட்டுட்டுத்தான் வருவான். அவனுக்குக் கீழ கெடக்கற எண்ணெயே வழி சொல்லும்" என்பார். வெள்ளைப் பனியனோடுதான் வேலைக்கு உட்காருவார். மத்தியானம் வரை அது வெள்ளையாகவே இருக்கும். எப்படி என்று பக்கத்து லேத்துப் பட்டறை கோவிந்தராஜுலுவுக்கும் இன்றுவரை புரியவில்லை.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகளின் மேல்தான் அவருக்கு மரியாதை. ஒரு ஜீப்பின் உடைந்த பின்னச்சுக்குப் பதில் வேறு ஜாதி ஜீப்பின் அச்சைக் கொண்டுவந்து உட்கார வைப்பார். அகலம் சேராது, ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடம் சேராது, பிரேக் குழாய் எட்டாது. வெட்டுவார், பற்றவைப்பார், விலகி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். அடக்கம் அவரிடம் மருந்துக்கும் இல்லை. "நான் கட்டி வெச்ச ஜோடி இன்னும் ஒண்ணுகூடப் பிரியலீங்க" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வார்.

தொண்ணூற்று மூன்றாம் வருட ஐப்பசியில் தனபால் அவரிடம் வந்தான். உடுமலைப்பேட்டைக்கு மேலே, மலையில் ஒரு காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவன். அடிவாரத்தில் ஜீப்பின் பின்னச்சு உடைந்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். மேலே அவன் மனைவி லோகப்பிரியா நிறைமாதம். மழை பிடித்துக்கொண்டது, அந்தச் சேற்றுப் பாதையில் வேறு வண்டி ஏறாது. வலி எடுப்பதற்குள் அவளைக் கீழே இறக்கியாக வேண்டும்.

பட்டாளத்து ஏலத்தில் வந்த பெரிய ஜீப்பின் அச்சு ஒன்று குவியலில் கிடைத்தது. பழையதன் பக்கத்தில் போட்டுத் திருகினார். கோடுகள் ஒன்றாக வந்தன. வெட்டிப் பற்றவைத்து மாட்டி, மறுநாள் காலை வண்டியை வெளியே எடுத்தார்.

"பாய், மாப்பிள்ளை முறுக்கு ஏதும் இல்லீங்களே?" என்று லேத்திலிருந்து கோவிந்தராஜுலு கத்தினார்.

"உங்கூட்டுக் கல்யாணம்னு நெனச்சீங்களா நாயுடு? இது நம்ம கைங்க!"

தனபாலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு குளத்தங்கரைச் சேற்றில் இறக்கினார். நாலு சக்கரத்துக்கும் கியரைப் போட்டார். வண்டி யானைபோல் நடந்து மேடேறியது. தனபாலுக்கு உயிர் வந்தது. தார் ரோட்டுக்கு வந்ததும் கியரை எடுக்கப் போனார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். வண்டியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தியபோது 'டக்'கென்று விட்டது.

"அதுதான் வந்துருச்சுல்லங்க" என்றான் தனபால்.

பீர் முகம்மது இன்ஜினை அணைத்துவிட்டு ரோட்டோரத்திலேயே வண்டிக்கு அடியில் புகுந்தார். ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரத்தில் ஒரு கோடு, பின்சக்கரத்தில் ஒரு கோடு போட்டு, இரண்டு அச்சுகளையும் ஒரே அளவு திருகினார். கோடுகள் ஒன்றாகக் கிளம்பின. ஒன்றாகத் திரும்பவில்லை.

அது தனபால் பழசாக வாங்கிய வண்டி. முன்னொரு நாளில் யாரோ ஏற்கெனவே பின்னச்சை மாற்றியிருந்தார்கள், முன்னச்சோடு ஒத்துப்போகாத ஒன்றை. முன்சக்கரம் ஒரு கணக்கில் சுற்ற, பின்சக்கரம் இன்னொரு கணக்கில் சுற்ற, இழுபறியிலேயே அது உடைந்திருக்கிறது. அந்த உடைந்த அச்சுக்குத்தான் அவர் அத்தனை பொருத்தமும் பார்த்தார். இரண்டை ஒப்பிட்டுச் சரி என்று சொல்லிவிடுகிறோம். இரண்டும் சேர்ந்தே தவறாக இருக்கலாம் என்பது தோன்றுவதில்லை.

"நான் பைய ஓட்டிக்கிறனுங்க பாய். அவ அங்க தனியா இருக்கா" என்றான் தனபால்.

"சேத்துல ஒண்ணும் பண்ணாது கண்ணு. நடுவுல பாறை வரும் பாரு, சக்கரம் வழுக்காத எடம், அங்க கியர்பாக்ஸ் தெறிச்சுரும். அப்ப வண்டில நீ மட்டுமா இருப்பே?"

தனபால் அழுதான். அவர் அவனைத் தேற்றவில்லை. வண்டியைப் பட்டறைக்குத் திருப்பினார். இறங்கியதும் லேத்துப் பட்டறையைப் பார்த்து, காலையில் பெருமையடித்த அதே குரலில், "நாயுடு, தப்பாக் கட்டி வெச்சுபோட்டனுங்க! முன்னச்சைப் பார்க்கவே இல்லை. வந்து ஒரு கை குடுங்க" என்றார். கோவிந்தராஜுலு வாய் வரை வந்த கேலியை விழுங்கிக்கொண்டு லேத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

பிறகு நடந்ததைத் தனபால் கண் கொட்டாமல் பார்த்தான். பீர் முகம்மது அச்சைத் திறந்து உள்ளிருந்த பல்சக்கர ஜோடியைக் கழற்றினார். குவியலைக் கலைத்து, முன்னச்சோடு சேர்ந்து சுற்றும் ஜோடியைக் கண்டெடுத்தார். பற்களில் செந்தூரத்தை எண்ணெயில் குழைத்துத் தடவினார். ஒரு சுற்றுச் சுற்றி, எந்தப் பல் எங்கே முத்தமிட்டிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார். கழற்றினார். தலைமுடி கனத்துக்கு ஒரு தகடு வைத்தார். துடைத்தார், தடவினார், மறுபடியும் சுற்றினார். மறுபடியும் கழற்றினார். அவசரம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அவர் கைகளுக்குத் தெரியவில்லை. அவசரத்தோடு வந்த தனபாலுக்கு அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சுப் படபடப்பு அடங்கியது. வீட்டிலிருந்து மனைவி ஜாஹிதா அனுப்பிய சோற்றுப் பாத்திரம் மூடியபடியே ஆறிப்போனது. சிவப்புத் தடம் பல்லின் நடுவயிற்றில், மாதுளை விதைபோல, ஒவ்வொரு பல்லிலும் ஒரே இடத்தில் விழுந்தது. கோவிந்தராஜுலு குனிந்து பார்த்தார்.

வெயில் சாய்வதற்குள் வண்டி தார் ரோட்டில் நின்றது. கியர் போட்டார், எடுத்தார். வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு வந்தது.

தனபால் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "வாரனுங்க பாய்."

"சித்தெ இரு கண்ணு."

உள்ளே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கருத்துப்போன பனியனின் மேல் ஒரு சட்டையை மாட்டினார். "நாயுடு, ஊட்டுல சொல்லிப்போடுங்க, நாளைக்கு வாரேன்னு" என்றார். தனபால் முன்சீட்டுக் கதவைத் திறந்துவிட்டான். அவர் அதைக் கவனிக்காதவர்போலப் பின்பக்கமாக ஏறி, நேரே அச்சுக்கு மேலே, வெறும் தகரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கீழே அச்சின் நடுக்கம் எட்டும்படி இரண்டு உள்ளங்கைகளையும் அந்தத் தகரத்தில் பதித்துக்கொண்டார்.