யாருடைய கோபம்

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம். ஈப்போவில் அக்கா வீட்டு முன்னறையில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குக் குளிரில் கை சிலிர்த்தது. எதிரே உட்கார்ந்திருந்த மச்சானின் பனியனோ வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா எழுந்து விசிறியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள். அவ்வளவுதான். மச்சான் மேசையில் இருந்த கோப்பையை எடுத்துச் சுவரில் வீசினார். பிறகு, வேறு யாரோ வீசியதைப்போல, தேநீர் வழிந்த சுவரைப் பார்த்தபடி நின்றார். மூலையில் படம் வரைந்துகொண்டிருந்த அவர்கள் மகள் வண்ணப் பென்சில்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

என் அக்காவின் கணவர் அப்படிப்பட்டவர் இல்லை. சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் பேருந்து பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்பவர். தேவாலயப் பாடகர் குழுவில்கூட மற்றவர் குரலுக்கு இடம்விட்டுத் தணிந்துதான் பாடுவார். தம் அப்பாவை அடக்கம் செய்த அன்று அவர் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த சில மாதங்களில் தூக்கம் போயிற்று. இரண்டு ஆள் சோறு சாப்பிட்டும் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. ஸ்பேனர் பிடித்த கை நடுங்கியது. குடிப்பழக்கம் என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். உறவினர்கள் அதைவிட மோசமாகப் பேசினார்கள். அக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கோப்பை உடைந்த மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு செமோரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கண் உறுத்துகிறது என்று அவர் கிளினிக்குக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பிதுங்கிய கண்ணையும் வீங்கிய கழுத்தையும் பார்த்த டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். நான்தான் காரில் அழைத்துப் போனேன். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியைத் தூண்டிவிட்டு, அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கிறது என்று அங்கிருந்த டாக்டரம்மா விளக்கினார். படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் அதனால் வரும். அவர் அப்பா இறந்ததால் வந்ததா என்று கேட்டேன். துக்கமும் மன அழுத்தமும் சிலருக்கு இதைக் கிளப்பிவிடலாம், இவருக்கு எது முதலில் வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

மச்சான் காரை நேரே செமோருக்கு விடச் சொன்னார். வாசலில் நின்றபடியே அக்காவிடம் சொன்னார்: “அது நான் இல்லலா. நோய்தான்.”

“நோய்தான். நம்புறேன்,” என்றாள் அக்கா. “ஆனா வீசுனது ஒங்க கைதானே. கதவு சாத்துற சத்தம் கேட்டாலே பிள்ள பயப்படுறா. அதுக்கும் மாத்திரை குடுத்தாங்களா?”

ஒரு நோயின் பெயர் நடந்ததை விளக்கிவிடுகிறது, நடக்காததாக ஆக்கிவிடுவதில்லை. அக்கா அதை அன்றே அறிந்திருந்தாள்.

மாத்திரைகள் வேலை செய்தன. கை நடுக்கம் நின்றது, உடம்பு தேறியது. ஆனால் மச்சான் உள்ளுக்குள் இறங்கிக்கொண்டே போனார். பாடப் போகவில்லை. வேலை முடிந்தும் பட்டறை வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஒருமுறை நான் கண்ணாடியைத் தட்டியபோது, “ரத்தம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க மச்சான். நான்தான் நல்லா இல்ல,” என்றார்.

அதை அக்காவிடம் சொன்னேன். அடுத்த தடவை மருத்துவமனைக்கு அவளே அவருடன் போனாள். கோப்பை, கார், பாடாத ஞாயிறுகள் எல்லாவற்றையும் அவரை வைத்துக்கொண்டே டாக்டரிடம் சொன்னாள். இந்த நோய்க்காரர்களுக்கு மனச்சோர்வும் வருவதுண்டு, அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கேதான், அப்பாவைப் பற்றிப் பேசும்போது, அவர் முதல்முறையாக அழுதார். அக்கா உடனே திரும்பிப் போய்விடவில்லை. முதலில் வார இறுதிகளில் மட்டும் மகளோடு போய்வந்தாள். மகள் தானாகவே அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மறுபடியும் வாசல் கேட்டை மறைத்துக் காரை நிறுத்தியிருந்தார். மச்சான் ஜன்னலில் நின்று சத்தம் போட்டார். பாதியில் நிறுத்திவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

“இது நானா, அதுவா?”

அக்கா அருகில் வந்து அவர் மணிக்கட்டில் விரல் வைத்து நாடித் துடிப்பைப் பார்த்தாள்.

“நீங்கதான்,” என்றாள். “யாரா இருந்தாலும் கோபம் வரும்லா. போய் மெதுவா சொல்லிட்டு வாங்க.”

மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.