மூன்று தடவை சொன்னது

பேருந்து நிலையத்தில் ஒரு பேச்சு அடிபட்டது. அறிவிப்பு அறையில் இருக்கும் மைக் தம்பி, எவனிடமோ கவர் வாங்கிக்கொண்டு, சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளத்துக்கு இடம் பார்க்க வந்த பொறியாளரை வேறு பக்கம் திருப்பிவிட்டானாம். டீக்கடையில் கவராக இருந்தது, பழக்கடைக்கு வருவதற்குள் ஸ்கூட்டராகிவிட்டது. பிறவியிலேயே பார்வை இல்லாதவனுக்கு ஸ்கூட்டர் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

விசாரித்தால் கவரும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. திருப்பிவிட்டது மட்டும் நிஜம். காரணம் சுத்தமான வயிற்றெரிச்சல்.

மைக் தம்பிக்கு வயது இருபத்து நாலு. எந்த வண்டி எந்த வாசலில் நிற்கிறது என்று நாள் முழுக்கச் சொல்வது வேலை. எதைச் சொன்னாலும் மூன்று தடவை சொல்ல வேண்டும் என்பது நிலையத்தின் விதி. வீட்டில் தண்ணீர் கேட்டாலும் மூன்று தடவை கேட்கிறான் என்று அவன் தங்கை கேலி செய்வாள்.

வயிற்றெரிச்சலுக்கு உரியவள் ஜிப் அக்கா. அவனைவிட இரண்டு வயது மூத்தவள். முதல் வாசல் பக்கம் பயணிகளின் பைகளுக்கு ஜிப் மாற்றும் கடை. சக்கர நாற்காலியில்தான் எல்லாம். இவர்கள் இருவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்த குழு, ஞாயிறுதோறும் டேப்பும் கையுமாக ஊரை அளந்தது. இது உயரம், அது குறுகல் என்று மனு மேல் மனு போட்டது. டிக்கெட் கவுண்டர் மார்பளவிலிருந்து இடுப்பளவுக்கு இறங்கியது இவர்களால்தான். அந்த மனுவை வரி வரியாகச் சொல்லி எழுதவைத்தவன் மைக் தம்பி.

பத்திரிகையில் படம் வந்தது. "நான் எப்படி இருக்கேன்?" என்று தங்கையிடம் கேட்டான்.

"இடது தோள் நல்லா விழுந்திருக்கு."

"மிச்சம்?"

"மிச்சம் ஜிப் அக்கா நாற்காலிக்குப் பின்னாடி இருக்கு. கீழே 'ஜிப் அக்காவும் குழுவினரும்'னு போட்டிருக்கான். நீ 'வினரும்'ல வர்றே."

அன்றிரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த படத்திலும் அதே கதை. எந்தப் படக்காரனும் "நாற்காலி முன்னாடி வரட்டும்" என்றுதான் சொன்னான்.

இந்த நிலையில்தான் பொறியாளர் வருவதாகத் தகவல் வந்தது. அரை மணி நேரம்தான் இருப்பார். இந்த வருஷம் ஒரே ஒரு வேலைக்குத்தான் கையெழுத்து. முதல் வாசலுக்கும் மேடைக்கும் நடுவே மூன்று படிகள். அதில் சாய்தளம் வேண்டும் என்பது குழுவின் முடிவு. மைக் தம்பிக்கு வேறு ஆசை இருந்தது. நாலாம் வாசலிலிருந்து, பார்வை இல்லாதவர்கள் காலால் தடவி நடக்கப் பதித்த தடவழி ஓடு நேராக ஒரு விளம்பரக் கம்பத்தில் போய் முட்டும். அதை நம்பி நடந்து நெற்றி வீங்கியவர்களில் அவனும் ஒருவன்.

ஜிப் அக்கா படிக்குக் கீழே காத்திருந்தாள். பொறியாளரை முதல் வாசலுக்கு அழைக்க வேண்டியது அவன் பொறுப்பு. மைக்கை அழுத்தினான்.

"ஆய்வுக்கு வந்திருக்கும் பொறியாளர் நாலாம் வாசலுக்கு வரவும்."

முதல் தடவை வாய் தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்று தடவை சொன்னான்.

பொறியாளர் நல்ல மனிதர். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டின் மேல் தானே நடந்து பார்த்தார். மூக்கைத் தேய்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சாய்தளத்தைப் பிறகு பார்க்கலாம் என்று வந்த வழியே கிளம்பினார். ஜிப் அக்கா எவ்வளவு கூப்பிட்டும் மூன்று படியைத் தாண்டி அவள் குரல் வரவில்லை.

கம்பம் போனது. பத்திரிகையில் மைக் தம்பி தனியாக, முழுசாக வந்தான்.

"ஜிப் அக்கா?" என்றான் தங்கையிடம்.

"எங்கேயும் இல்ல."

பொறாமைப்பட ஆளில்லாத படம் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. அதோடு, போர்ட்டர் இரண்டு பேர் அவளை நாற்காலியோடு படி ஏற்றும் "ஏய், புடி, புடி" சத்தம் தினமும் அறிவிப்பு அறைவரை கேட்டது. பத்தாம் நாள் கோலைத் தட்டிக்கொண்டு படியிறங்கி அவள் கடைக்குப் போனான்.

"வாங்க நாலாம் வாசல்," என்றாள்.

"அக்கா, அன்னிக்கு வாய் தவறி..."

"மூணு தடவையா?"

தையல் மெஷின் ஒரு ஜிப் முழுக்க ஓடி நின்றது.

"பொறாமைதான்கா."

"என்மேலயா? மூட்டை மாதிரி என்னைத் தூக்கிட்டுப் போறாங்க, அதுலயா?"

"உங்க நாற்காலி படத்துல விழுது. என் கண்ணு விழமாட்டேங்குது."

அவள் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த குண்டூசி கீழே விழுந்தது. "அடப்பாவி! நீ தும்மினா ஊருக்கே கேக்குது. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தாளு திரும்பலை. எனக்கு எப்படி எரிஞ்சிருக்கும்?"

"மன்னிச்சிடுக்கா."

"அதெல்லாம் இங்கே எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னா செல்லாது. எனக்கு ஒரு அறிவிப்பு கடன்பட்டிருக்கே. நான் சொல்றதை, நான் சொல்ற நாள்ல, மூணு தடவை."

"இப்பவே சொல்லிடுறேன்கா. என்ன சொல்லணும்?"

"அவசரப்படாதே. யோசிச்சுட்டு இருக்கேன்."

ஏழு மாதமாக யோசிக்கிறாள். சாய்தளக் கோப்பு பொறியாளர் மேஜையில் இருக்கிறது. நடந்ததை ஊரறியச் சொல்லச் சொல்வாளா, பொறியாளர் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்வாளா, தெரியவில்லை. போன வாரம் மைக்கை அழுத்தும் நேரம் அவள் எண்ணிலிருந்து போன் வந்தது. மைக்கை விட்டுவிட்டுப் போனை எடுத்தான்.

"சொல்லுங்கக்கா, தயார்."

"உன் பை ஜிப் ரெடி, வந்து வாங்கிக்க," என்று வைத்துவிட்டாள்.