ரோசிக்கு மட்டும் யுபிஎஸ்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்.

கோட்டையூர் வீட்டில்... குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். முந்தாநாள் விழுந்தவரை நேற்று சாயங்காலம்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துப் பார்த்தார்களாம்.

தனியாகத்தான் இருந்தார். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடி செக்காலை ரோட்டில், ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் நடத்தியவர் அக்கா. டிகிரியை முடித்துவிட்டு நெற்குப்பையிலிருந்து பஸ் ஏறி வந்து அங்கே வேலைக்குச் சேர்ந்தவள் நான். மவுஸைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயந்த ஆள்!

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கஸ்டமர் யாரும் வர மாட்டார்கள். அப்போது அக்கா ஒரு ஆன்லைன் கேம் ஆடுவார்.

படம் கிடையாது, சத்தம் கிடையாது... கறுப்பு ஸ்கிரீனில் பச்சை எழுத்து மட்டும். 'இங்கே இருட்டு. பக்கத்தில் ஏதோ மூச்சு விடுகிறது' என்று இங்கிலீஷில் ஒரு வரி வரும், பட்டப்பகலிலும் நான் ஒருதடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் கூட்டுச் சேர்ந்து அந்தக் குகைக்குள் போவார்கள். ஆளுக்கு ஒரு கேரக்டர். அக்கா மட்டும் ஒரே ஆளாக நாலு கேரக்டர்.

சென்டரில் இருந்த நாலு கம்ப்யூட்டரையும் போட்டுவிட்டு, சக்கரம் வைத்த சேரில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டுகொண்டே ஆடுவார். அந்தோணி, மிக்கேல், சின்னப்பன்... இந்த மூன்று பேரும் சண்டைக்காரர்கள். ரோசி வைத்தியக்காரி.

யாராவது அடிபட்டு விழுந்தால் ரோசி 'ரெய்ஸ்', அதாவது 'எழுப்பு' என்று அடித்து அவன் பேரைப் போட வேண்டும், எழுந்துவிடுவான். கொஞ்சம் தாமதித்தால் அந்த ஆள் ஒரேயடியாக அழிந்துபோவான். அப்புறம் திரும்ப வரவே மாட்டான்.

"என்னக்கா, அங்குட்டும் இங்குட்டும் இப்படி ஓடுறீக? மத்தவுக மாதிரி ஒரு ஆளை வச்சு ஆடுனா ஆகாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆடிப் பார்த்தாச்சுடி. எல்லாரும் நல்ல மனுசங்கதான். ஆனா நம்ம விழுகுற நேரம் பார்த்து அவுக காபி போட எந்திரிச்சுப் போயிருப்பாக."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

எங்கள் சென்டரில் கரண்ட் போனாலும் தாக்குப்பிடிக்க ஒரே ஒரு யுபிஎஸ். மோடம் இருந்த கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் அது. அந்த இடத்தில் எப்போதும் ரோசிதான் இருப்பாள், வேறு யாரையும் அங்கே உட்கார வைக்க மாட்டார்.

"சண்டை போடுறவன் போனாப் போறான் கவிதா. தூக்கி விடுறவ முழிச்சிருக்கணும்ல?"

ஒரு மத்தியானம் குகைக்குள் ரொம்ப ஆழத்தில் இருந்தார்கள் நாலு பேரும். அக்கா கடைசி கம்ப்யூட்டரில். நான் ரோசிக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு...

கரண்ட் போய்விட்டது.

ஏசி ரூம், ஜன்னலெல்லாம் அடைத்தது. கும்மிருட்டு. மூன்று ஸ்கிரீன் செத்துப்போய் ரோசியின் ஸ்கிரீன் மட்டும் பச்சையாக மினுங்கியது. ஆட்டுவிக்க ஆளில்லாமல் மற்ற மூன்று பேரும் குகைக்குள் அப்படியே நிற்க, அதில் வரி வரியாக ஓடுகிறது... அந்தோணி அடிபட்டான்... அந்தோணி அடிபட்டான்... அந்தோணி விழுந்தான்.

"கவிதா! தூக்குடி! அவனைத் தூக்கு!"

அந்த மாதிரி ஒரு குரலை நான் அக்காவிடம் அதற்கு முன்னால் கேட்டதில்லை. சாம்பார் சாதக் கையோடு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். ரெய்ஸ்... அந்தோணி.

எழுந்துவிட்டான்.

அதற்குள் அக்கா இருட்டில் சேர்களில் இடித்துக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தார். கை ஐஸ் மாதிரி இருந்தது.

"ஆத்தாடி... கேம்தானக்கா, இதுக்குப் போயி ஏன் இப்படி நடுங்குறீக?"

என் தோளை விடாமலே சொன்னார்.

"எங்கம்மா அடுப்படியில விழுந்து கெடந்தப்ப நாங்க அத்தனை பேரும் கோயில்ல பூசையில இருந்தோம்டி. வந்து பாக்கையில ஒடம்பு சில்லிட்டுப் போச்சு. வீடு நிறைய ஆளு. தூக்க ஒரு ஆளு இல்ல."

கரண்ட் வந்தது. கஸ்டமர் வந்தார்கள். அந்தப் பேச்சை நாங்கள் திரும்ப எடுக்கவே இல்லை.

ஏன் நாலு பேரை வைத்து ஆடினார் என்று அதற்கப்புறம் நான் கேட்கவும் இல்லை...

உள்ளதைச் சொல்கிறேன், அழுகை வரவில்லை. பயமாக இருக்கிறது. மகள் வெளிநாட்டில். நானும் இந்த ஃப்ளாட்டில் தனியாகத்தான் இருக்கிறேன்.

இன்று காலை தாழ்ப்பாள் போடாமல் குளித்தேன். போனை ஒரு பாலித்தீன் கவரில் சுற்றி, விழுந்தாலும் கைக்கு எட்டட்டும் என்று தரையில் வைத்துக்கொண்டேன். பாதிக் குளியலில்தான் ஞாபகம் வந்தது, வாசல் கதவு உள்பக்கமாகப் பூட்டியிருக்கிறது.

சோப்பு நுரையோடு போய்த் திறந்து வைத்துவிட்டு வந்தேன். அப்புறம் திறந்து கிடக்கிறதே என்று இன்னொரு பயம். திரும்பப் போய்ப் பூட்டினேன்.

அடக்கம் நாளைக்குக் கோட்டையூரிலேயே. ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.

அக்கா... கிறுக்குத்தனம்தான், திட்டாதீக. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி உங்க வாட்ஸ்அப்புக்கு 'ரெய்ஸ் ஸ்டெல்லா'ன்னு அடிச்சு அனுப்பினேன்.

ஒத்த டிக்தான் விழுந்திருக்கு.

போயிட்டு வாங்கக்கா.