தலைவர் வெளியே, தீர்மானம் உள்ளே

சங்கத் தலைவரை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே சங்கக் கூட்டம் நடந்து பார்த்திருக்கிறீர்களா நட்புகளே?

நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தலைவரே நான்தான்!

நெரவியில் நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. (அப்போது ஃபேஸ்புக் இல்லை. அதனால்தான் பதிவு இவ்வளவு லேட்.)

எங்கள் வயதுப் பிள்ளைகள் சேர்ந்து ஓர் இளைஞர் சங்கம் ஆரம்பித்தோம். வாய்க்கால் தூர்வார ஆள் திரட்டியவன் என்பதால் என்னையே தலைவராக்கினார்கள். சேரிப் பையன் தலைவர்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

சங்கத்துக்குக் கட்டிடம் கிடையாது. மரத்தடியில் கூட்டம் தொடங்கும். பாதியில் எல்லோருக்கும் டீ ஞாபகம் வந்துவிடும். மீதிக் கூட்டம் சாமிநாதன் கடையில்.

அங்கேதான் சிக்கல்.

எங்கள் தெருக்காரர்களுக்கு அந்தக் கடையில் பெஞ்சும் கிடையாது, கிளாஸும் கிடையாது. வாசல் கூரையில் கொட்டாங்கச்சி செருகியிருக்கும். எடுத்து நீட்டினால் சாமிநாதன் உயரத்திலிருந்து ஊற்றுவார். குடித்துவிட்டு நாமே கழுவிச் செருக வேண்டும். (பிரெஞ்சுக்காரர்கள் சமத்துவத்தை ஆபீஸ் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். டீக்கடை வரைக்கும் அது நடந்து வரவில்லை.)

ஒருநாள் ராத்திரிப் பள்ளிக்கூடம் ஆரம்பிப்பது பற்றி உள்ளே பேச்சு பலமாக இருந்தது. வெளியே நின்ற எனக்குப் பாதிதான் கேட்டது. எங்கள் செயலாளர் யூசுப், பட்டினத்து நெல் வியாபாரி மகன், தட்டிக்கு மேலே தலையை நீட்டினான்.

"தீர்மானம் நிறைவேறிடுச்சு மாப்ளே. ராத்திரிப் பள்ளிக்கூடம் கோயில் மண்டபத்துல."

கோயில் மண்டபத்துக்குள் என் தெருப் பிள்ளைகளை யார் விடுவார்கள்? அவர்களுக்காகத்தான் அந்தப் பள்ளிக்கூடமே!

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவர்களுக்கு அது தோன்றவே இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"அது செல்லாது" என்றேன். "தலைவர் எங்க இருக்காரோ அங்கதான் கூட்டம்."

யூசுப் கையில் இருந்த கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். வெளியே வந்து கூரையிலிருந்து ஒரு கொட்டாங்கச்சியை உருவினான்.

"எனக்கும் இதுலயே ஊத்துங்கண்ணே."

பின்னாலேயே மொத்தச் சங்கமும் வெளியே வந்துவிட்டது.

கடையில் கிளாஸ் வரிசை வரிசையாக இருந்தது. கொட்டாங்கச்சி மூன்றுதான்! ஒருவன் குடித்து, கழுவி, அடுத்தவனிடம் கொடுத்து, அவன் குடித்து... வியாபாரம் நகரவே இல்லை. மறுநாளும் அதே கூத்து. அதற்கு மறுநாளும்.

சாமிநாதன் கெஞ்சிப் பார்த்தார். உன்னை உள்ளே விட்டால் பண்ணைக்காரர்கள் கடைக்கு வர மாட்டார்கள், என் பிழைப்பே போய்விடும் என்றார்.

பயம் எனக்கும் இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். என் அப்பா வேலை பார்த்ததே பண்ணை வயலில்தான். நாளையிலிருந்து வராதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டில் அடுப்பு எரியாது. இருந்தும் தினமும் போய் நின்றேன்.

ஒரு சாயங்காலம் சாமிநாதனுக்கு அலுத்துவிட்டது.

"எல்லாரும் உள்ள வந்து தொலைங்க. நீயும் வாடா."

பெஞ்சில் உட்கார்ந்தேன். கிளாஸ் வந்தது. கடையே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வாய் குடித்தேன்.

"அண்ணே, சக்கர பத்தல."

சாமிநாதன் முறைத்தார். "இத்தன நாளா பத்துச்சோ?"

"இத்தன நாளும் பத்தலதாண்ணே. கேக்குற எடத்துல நான் இல்ல."

அவர் ஒரு கரண்டி சர்க்கரை போட்டு, நன்றாகக் கலக்கியும் கொடுத்தார்.

பண்ணைக்காரர்கள் சில நாள் வரவில்லை. பிறகு வந்துவிட்டார்கள். (ஊரில் வேறு டீக்கடை கிடையாதே!) நடவு நேரம், ஆள் கிடைக்காத சமயம் என்பதால் அப்பாவின் வேலையும் தப்பியது. பள்ளிக்கூடம் யூசுபுடைய வாப்பாவின் நெல் கிடங்கில் நடந்தது. என் தெருப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் இன்றைக்கும் குறையவில்லை.

அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க இதுதான் என் வேலை. இளைஞர்களைச் சேர்ப்பது, அவர்களை வாய் திறந்து கேட்க வைப்பது. கூலி, பட்டா, பாதை, சுடுகாடு என்று எத்தனையோ கோரிக்கை வைத்திருக்கிறேன். சில கிடைத்தன.

கேட்ட உடனே கிடைத்தது அந்த ஒரு கரண்டி சர்க்கரை மட்டும்தான்.

கிடைக்காததெல்லாம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம்!