சிங்காரவேலுக்கு வந்த ஆர்லிக்ஸ்

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கும் சிங்காரவேலுக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது. ஷிப்ட் முடிந்து வந்தால் ஒரு குண்டான் சோறு இறங்கும். படுத்தால் குறட்டை பக்கத்து பிளாக் வரை கேட்கும். இப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் வருஷாந்திர மெடிக்கலில் ரத்தத்தில் கால்சியம் அதிகம் என்று வந்து தொலைத்தது.

"கழுத்துல அரிசி மாதிரி சின்னச் சின்ன சுரப்பி இருக்கு, பாராதைராய்டுன்னு பேரு. அது அளவுக்கு மீறி வேலை செஞ்சு எலும்புல இருக்கிற கால்சியத்தை ரத்தத்துல கொட்டுது" என்றார் டாக்டர்.

அவ்வளவுதான், குவார்ட்டர்ஸ் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து சொந்தக்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவார்களா? ஆர்லிக்ஸ் பாட்டில்கள் அலமாரி நிறைந்து கட்டிலுக்கடியில் போயின. சிங்காரவேல் சால்வை போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து இருமவும் ஆரம்பித்தார். கழுத்துச் சுரப்பிக்கும் இருமலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தவள் ஒன்பதாவது படிக்கும் மகள் சண்முகப்பிரியா. அவளுக்கு எந்நேரமும் கால் வலி. வயிற்று வலி வந்தால் சுருண்டு படுப்பாள். சிறுநீரகத்தில் கல்லும் இருந்தது. "தண்ணியே குடிக்கிறதில்ல" என்பாள் அம்மா ராஜாம்பாள். "பள்ளிக்கூடம் போவாம இருக்க வழி கண்டுபிடிச்சிகினா" என்பார் அப்பா. அந்தப் பெண்ணைப் பார்க்க ஒரு வாழைப்பழம்கூட வந்ததில்லை.

அடுத்த முறை டாக்டர் கேட்டார்: "எலும்பு வலி, கிட்னியில கல்லு ஏதாவது உண்டா?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. அதெல்லாம் எம் பொண்ணுக்குத்தான் இருக்குது" என்றார் சிங்காரவேல், பெருமையாக.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "பெரியவங்களுக்கு இது பெரும்பாலும் தொந்தரவே இல்லாம ரத்த டெஸ்ட்ல தெரியும். பசங்களுக்கு யாரு கால்சியம் பாக்கிறாங்க? கல்லு, வலின்னு முத்தின பிறகுதான் கண்டுபிடிப்போம். சில குடும்பத்துல பரம்பரையாவும் வரும். பொண்ண உடனே கூட்டிட்டு வாங்க."

மகளின் ரத்தத்தில் கால்சியம் அப்பாவைவிட அதிகமாக இருந்தது. கெட்டுப்போன சுரப்பியை எடுக்கும் ஆபரேஷன் அவளுக்குத்தான் முதலில் என்று முடிவானது.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு தனகோடி ஆர்லிக்ஸோடு வந்தாள். நாற்காலியில் சால்வையோடு சண்முகப்பிரியா இருந்தாள். காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர் சிங்காரவேல்.

"உடம்பு எப்படிண்ணே இருக்குது?"

"என்னக் கேக்காத தனகோடி, அவளக் கேளு."

தனகோடி திரும்பிக் கேட்டாள். சண்முகப்பிரியா அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரொம்ப நாளா வலிக்குதுக்கா" என்று தொடங்கினாள். எங்கெங்கே வலிக்கிறது என்று அவள் சொல்லி முடிக்கிறவரை சிங்காரவேல் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். காபி ஆறிப்போயிருந்தது.