பீங்கான் தொட்டியில் கள்ளிமுளையான்

கையால் வனைந்த நீலப் பீங்கான் தொட்டியில் மகள் ஒரு செடி வாங்கி வந்தாள். "அபூர்வமான செடிப்பா, தொட்றாதீங்க" என்றாள். பார்த்தால், எங்கள் ஊர் சங்கராபுரத்துக் கரம்பில் கேட்பாரற்று முளைத்துக் கிடக்கும் கள்ளிமுளையான்.

சின்ன வயதில், பண்ணைக்காரர் வீட்டுக் கல்யாணத்தன்று அம்மா அதை ஒடித்து எனக்கும் தம்பிக்கும் கொடுத்தாள்.

"மென்னுக்கினே இருங்க, பசி அடங்கும். துன்றவங்க எலய பாத்துக்கினு நிக்காதீங்க."

கூலிக்காரர்களுக்குக் கடைசிப் பந்தி. அதுவரை மாட்டுக் கொட்டகையோரம் நின்று அந்தப் புளிப்பையும் கசப்பையும் மென்றோம். எங்கள் இலையில் சோறு விழுந்தபோது பசி செத்திருந்தது. பாயசம்கூடக் கசந்தது.

"சாப்பாட்டு மேசைமேல வைக்கட்டுமாப்பா?" என்றாள் மகள்.

"வேற எங்க வேணும்னாலும் வையி. சோறு துன்ற எடத்துல மட்டும் அது வாணாம்."